சுண்டிக்குளத்து மணல்மேடுகள்: தை மாதப் பயணக் குறிப்புகள்

பெப்ரவரி 7, வெள்ளி – பரந்தன், கண்டாவளை, தருமபுரம்

இலங்கையின் வடகிழக்குக் கரையோரத்தில் உள்ள சுண்டிக்குளம் என்றதும் வவுனியாவில் எவரும் முதலில் சொல்வது பூநாரையைத்தான். நானும் என் தம்பியும் அவற்றைப் பார்க்கவே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம், பார்த்தும் விட்டோம். ஆயினும் இந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி மணலைப் பற்றியே இருக்கும். கடலுக்கும் கடல்நீரேரிக்கும் இடையில் நிற்கும் அந்த மணல்மேடுகளே அங்குள்ள பறவைகளையும் குடிநீரையும் மீன்பிடி ஊர்களையும் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம். அதற்கான காரணங்களை அந்தந்த நாளுக்குரிய இடத்தில் சொல்கிறேன்.

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பியதும் காலபோக அறுவடையின் நடுவே நுழைந்துவிட்டோம். வீதியின் ஒரு பாதி முழுவதும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறுபாதியில் வாகனங்கள் வரிசையாக, ஒருவரும் ஒலியெழுப்பி அவசரப்படுத்தாமல், ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போயின. கார்த்திகை இறுதியில் பெய்த பெருமழையில் மூழ்கிய வயல்களில் கதிர் இன்னும் பச்சையாக நின்றது; மேட்டு வயல்களில் வெட்டு முடிந்து, வைக்கோலுக்குள் கொக்குகள் பூச்சி தேடின. பரந்தனில் சந்திக்கு அருகில் ஒரு சிறிய கடையில் இடியப்பமும் சொதியும் இடித்த சம்பலும் சாப்பிட்டோம். இருவருக்கும் தேநீரோடு சேர்த்து 460 ரூபாய். சொதியில் தேங்காய்ப் பால் தாராளமாக இருந்தது. அப்போது தேங்காய் விற்ற விலையில் அதைக் குறிப்பிடாமல் விட முடியாது.

முரசுமோட்டையைக் கடந்து கண்டாவளைப் பக்கம் திரும்பியபோது பின்சில்லில் காற்று இறங்கிவிட்டது. உடைமர முள் ஒன்று டயரைத் துளைத்து ரியூப் வரை போயிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த சைக்கிள் கடையில் இருந்த பெரியவர் ஒட்டுப் போடத் தொடங்குமுன், தன் பேத்தியை அனுப்பி எங்களுக்கு வெறுந்தேநீரும் ஒரு துண்டு சர்க்கரையும் வரவழைத்தார். எங்கே போகிறோம் என்று கேட்டவர், பதிலைக் கேட்டதும் சில்லை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“சுண்டிக்குளத்துக்கோ பிள்ளை? தண்ணி கொண்டு போறியளோ? இல்லாட்டி அங்கை பூவல் இருக்கிற இடத்தைக் கேட்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”

மணலில் கையால் தோண்டும் ஆழமற்ற கிணற்றைத்தான் பூவல் என்கிறார்கள். கடற்கரை மணலில் தோண்டினால் உப்புத் தண்ணீர்தானே வரும் என்று தம்பி கேட்டதற்கு, “போய்க் குடிச்சுப் பார் தம்பி” என்று மட்டும் சொன்னார். ஒட்டுக்கு 300 ரூபாய் வாங்கினார். தேநீருக்குக் காசு கொடுக்க முயன்றபோது கையை எடுத்து விலக்கிவிட்டார்.

தங்குவதற்குத் தொலைபேசியில் ஒழுங்கு செய்திருந்த அறையை, நாங்கள் போய்ச் சேருமுன்பே திருமண வீட்டார் ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். இருட்டும் நேரம். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் உறவினர் தருமபுரத்தில் இருந்ததால் அவர்களுடைய விறாந்தை அறை கிடைத்தது. முன்பின் தெரியாத இருவருக்கு இரவு எட்டு மணிக்குப் புட்டு அவித்து, கடல்நீரேரி இறாலில் குழம்பு வைத்துத் தந்த அந்த அக்கா, மறுநாளும் தம் வீட்டிலேயே தங்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். சின்ன இறால், ஓட்டோடு சமைத்தது. முருங்கையிலையும் பழப்புளியும் சேர்ந்த அந்தக் குழம்பின் மணம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

பெப்ரவரி 8, சனி – கடல்நீரேரி

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு வண்டியில் ஏறியபோது அந்தப் பேச்சின் முதற்பாதி உண்மை என்று உடம்பு சொன்னது. பனை வடலிகளின் நடுவே கிரவல் பாதையில் போகப் போக, தலைக்கவசக் கண்ணாடியில் நீர் கோத்து வழி தெரியாமல் போயிற்று. ஓரிடத்தில் நிறுத்தித் துடைத்தபோது பாதையின் குறுக்கே ஒரு நரி நின்று எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் ஈச்சம் பற்றைக்குள் போனது.

இந்தக் கடல்நீரேரியும் அதன் சுற்றுப்புறமும் 1938 பெப்ரவரி 25 அன்று பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அப்போது அதன் பரப்பு 11,149 ஹெக்டேயர். 2015 யூன் 22 அன்று 19,565 ஹெக்டேயராக விரிவாக்கப்பட்டு அது தேசியப் பூங்காவாயிற்று. சரணாலயம் என்பதற்கும் தேசியப் பூங்கா என்பதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், அங்கே வழக்கமான தொழிலும் நடக்கலாம். தேசியப் பூங்காவுக்குள் அனுமதி பெற்று, விலங்கையும் தாவரத்தையும் பார்ப்பதற்கு மட்டுமே போகலாம். இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனங்கள், தாங்கள் மாடு மேய்த்த நிலத்திலும் வலை வீசிய கரையிலும் எல்லைக் கல்லைக் கண்டபோது அடைந்த மனக்கசப்பை இந்தப் பயணத்தில் பலரிடமும் கேட்டேன். காடும் பறவையும் காக்கப்படவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எல்லையைக் கீறுமுன் அந்த நிலத்தில் தலைமுறையாக வாழ்ந்தவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

உரிய அனுமதியோடும் வழிகாட்டி ஒருவரோடும் உள்ளே போனோம். வாகனத் தடத்தை விட்டு விலகவேண்டாம் என்பதே அவர் முதலில் சொன்னது. போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலத்திலும், வன்னியில் வளர்ந்தவர்கள் அந்தப் பேச்சை மறு கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்வார்கள்.

கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் வன்னியின் மழைநீரைக் கொண்டுவந்து இந்தக் கடல்நீரேரியில் சேர்க்கின்றன. மேற்கே ஆனையிறவில் வீதிக்கும் புகையிரதத்துக்கும் போட்ட அணைகள் அந்தப் பக்கத்து வாயிலை அடைத்துவிட்டதால், வெள்ளம் கிழக்கே சுண்டிக்குளத்து மணற்றிட்டியை உடைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போகவேண்டும். மாரியில் உடையும் அந்த வாய் கோடையில் மணல் ஏறி மறுபடி மூடிக்கொள்கிறது. ஆகவே ஆண்டின் ஒரு பகுதியில் நீர் ஏறக்குறைய நன்னீராகவும், பின்னர் உவராகவும், ஆடி ஆவணியில் உப்புப் பூத்த வெளியாகவும் மாறுகிறது. இந்த மாற்றமே பறவைகளுக்கு விருந்து. நீர் ஆழமாக இருக்கும்போது வாத்துகளும், வற்றி வரும்போது சேற்றில் குத்தித் தின்னும் உள்ளான்களும், உவர் ஏறும்போது பூநாரைகளும் தத்தமது வேளையில் வந்து இறங்குகின்றன.

பனி விலகியபோது முதலில் தெரிந்தவை ஊசிவால் வாத்துகள். ஆண் பறவையின் கழுத்தில் இறங்கும் வெள்ளைக் கோடு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அவற்றோடு நீலச்சிறகிகளும், மேய்ச்சல் ஆடுகளைப் போலத் தலை குனிந்து கரைப்புல்லைக் கொறித்த நாமத்தலை வாத்துகளும் இருந்தன. வட ஆசியாவின் ஏரிகளிலும் சதுப்புகளிலும் குஞ்சு பொரித்து, பனி இறுகுமுன் தெற்கே புறப்படும் இப்பறவைகளுக்கு இலங்கை வழியின் கடைசித் தரிப்பிடம். இதற்கு அப்பால் பெருங்கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. கருவால் மூக்கன்கள் முழங்கால் நீரில் நின்று, நீண்ட நேரான அலகைக் கண்வரை சேற்றில் புதைத்து எடுத்தன. கரண்டிவாயன்கள் அலகை நீரில் இடமும் வலமும் அளைந்தபடி ஒரே வரிசையில் முன்னேறின. சங்குவளை நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் ஒரு பட்ட மரத்தைப் பங்கு போட்டிருந்தன.

பூநாரைகளைக் காண்பதற்கு இன்னும் கிழக்கே, கண்ணா என்னும் சதுப்புநில மரங்களின் ஓரமாக நடக்கவேண்டியிருந்தது. தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, கிட்டப் போகப் போகத் தனித்தனிக் கழுத்துகளாகப் பிரிந்தது. நூற்றுக்கணக்கானவை, எண்ணத் தொடங்கிய தம்பி விட்டுவிட்டான். அவை தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழாகும்படி நீரில் வைத்து, நாக்கினால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளுகின்றன. அலகின் ஓரத்தில் உள்ள மெல்லிய தகடுகளில் சிறு இறாலும் பாசியும் தங்கிவிடுகின்றன. அந்த உணவில் உள்ள நிறமிதான் சிறகில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. ஒன்று பறக்க முற்பட்டு, நீரின் மேல் சில அடிகள் ஓடி எழுந்தபோது சிறகின் அடியில் இருந்த செந்நிறமும் கறுப்பும் திடீரென்று விரிந்தன. நாங்கள் மூவரும் அந்த நேரத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை.

இந்த நீரைப் பற்றி ஒரு பழைய கனவும் உண்டு. 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம், சுண்டிக்குளத்தில் அணை கட்டி வன்னியின் வெள்ளம் கடலுக்குப் போகாமல் தடுத்து, கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுபோகும் திட்டத்தை முன்வைத்தார். சில வேலைகள் நடந்தன, திட்டம் நிறைவேறவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் உவராகி வருவதை அறிந்த எவராலும் அந்தக் கனவை அலட்சியமாகப் பேச முடியாது. அதே வேளையில் தெற்கே புந்தலவில் நடந்ததையும் மறக்க முடியாது. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாகவும் (உலக முக்கியத்துவம் உடையதென ஏற்கப்பட்ட ஈரநிலம்) 1993இல் தேசியப் பூங்காவாகவும் ஆன அந்தக் கரையோரத்தில், நீர்ப்பாசனக் கழிவுநீர் உவர் ஏரிகளுக்குள் இறங்கியதால் உப்புத்தன்மை குறைந்து, பூநாரைகளின் உணவு அற்றுப்போய், அவை அங்கிருந்து அகன்றன. சுண்டிக்குளத்தில் நன்னீரைத் தேக்குவதென்றால் எந்தப் பகுதியை உவராகவே விடுவது என்ற கேள்விக்கு முதலில் விடை காணவேண்டும் என்று நான் கருதுகிறேன்.

திரும்பும் வழியில் ஒரு சிறு குளக்கரையில் சதுப்பு முதலை ஒன்று வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்தது. சிறுத்தையும் கரடியும் இந்தக் காட்டில் உண்டு. எங்களுக்குக் கரடி கிளறிய புற்று ஒன்று மட்டும் காணக் கிடைத்தது. மதியம் புளியம்பொக்கணையில் நாகதம்பிரானைக் கும்பிட்டுவிட்டு, கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டில் பனங்கிழங்கு வாங்கினோம். பத்துக் கிழங்குக் கட்டு 200 ரூபாய். அவித்த கிழங்கை நாரெடுத்துத் தேங்காய்ச் சொட்டோடு தின்பதற்கு இதுவே பருவம்.

பெப்ரவரி 9, ஞாயிறு – மணல்மேடுகள்

இந்த நாளைப் பற்றி விரிவாக எழுதவேண்டும்.

கடற்கரைக்குப் போகும் தடம் மணலில் முடிந்த இடத்தில் வண்டியை ஒரு பனையின் கீழ் விட்டுவிட்டு நடந்தோம். முதலில் பாலையும் வீரையும் காரையும் கலந்த, காற்று ஒரு பக்கமாகச் சாய்த்து வளர்த்த குட்டைக் காடு. அதன் பின் பனையும் தாழையும். அதன் பின் திடீரென்று வெறும் மணல் ஏற்றம். ஏறிய பக்கம் செங்குத்தாக இருந்ததால் இரண்டு அடி வைத்தால் ஓரடி சறுக்கியது. உச்சியில் ஏறி நின்றபோது ஒரு பக்கம் அலை வெண்மையாக உடையும் கடலும் மறுபக்கம் அசையாத கடல்நீரேரியும் ஒரே பார்வைக்குள் வந்தன. வாடைக்காற்று அப்போது பலமாக வீசியது. மணற்பொடி கணுக்காலில் சுரீரென்று குத்தியது. வாயிலும் கண்ணிலும் மணல்.

மேடு உண்டாகும் விதத்தை அந்தக் காற்றில் கண்ணாலேயே பார்க்கலாம். மணற்பரல் காற்றில் நெடுந்தூரம் பறப்பதில்லை. துள்ளித் துள்ளி, தரையில் விழுந்த இடத்தில் அடுத்த பரலைக் கிளப்பிவிட்டு, முழங்காலுக்குக் கீழேயே ஓடுகிறது. வழியில் ஒரு கொடியோ புல்லோ காற்றைத் தணித்தால் அங்கேயே இறங்கிவிடுகிறது. ஆகவே முதலில் வருவது செடி, அதைச் சுற்றியே மேடு. கடலுக்கு மிக அருகில் அடம்பன் கொடி ஊதா நிறப் பூக்களோடு படர்ந்திருந்தது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பள்ளியில் படிப்பிக்கிறோம். ஒரு கொடியின் நீளத்தைத் தம்பி காலடியால் அளந்தபோது இருபது அடிக்கு மேல் போனது, ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கியிருந்தது. அதற்கு மேலே இராவணன் மீசை. ஊசி போன்ற இலைகளையுடைய இந்தப் புல் மணலில் புதையப் புதைய மேலே வளர்ந்து, புதைந்த தண்டிலிருந்து புது வேர் விட்டு, மேட்டைத் தன்னோடு சேர்த்து உயர்த்துகிறது. முதிர்ந்த அதன் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டு ஓடி, நின்ற இடத்தில் விதையை விடுகின்றன. எங்களைக் கடந்து ஓடிய உருண்டைகளுக்கு வழிவிட்டு நின்றோம்.

செடி கிழிபட்ட இடத்தில் நேர்மாறானது நடக்கிறது. ஒரு வண்டித் தடம் கொடியை அறுத்தால் போதும்; காற்று அந்த வாயால் நுழைந்து மணலை அள்ளி, சிறிது சிறிதாக மேட்டில் பள்ளத்தைக் குடைந்துவிடும். அப்படிக் குடையப்பட்ட ஒரு பள்ளத்தின் சுவரில் பனையின் வேர்கள் வெளியே தொங்கின. அடிமரம் ஆளுயரத்துக்கு அம்மணமாகத் தெரிந்த அந்தப் பனை இன்னும் ஒரு மாரியைத் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காலை வெயில் சாய்வாக விழும்போது மணலில் இரவு நடமாட்டம் முழுவதும் தெளிவாகத் தெரியும். நரியின் தடம் நேர்கோட்டில் கரையை நோக்கிப் போயிருந்தது. முயலின் பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழுந்த அடையாளம், உடும்பின் வால் இழுத்த கோடு, மயிலின் மூன்று விரல், புள்ளிமானின் பிளந்த குளம்பு எல்லாம் அங்கே இருந்தன. தாழம்பற்றையின் நிழலில், காற்றுப் படாத மணலில், குழியானைப் பூச்சிகள் சிறு புனல்போலக் குழி தோண்டி எறும்புக்காகக் காத்திருந்தன. கரையில் நண்டுகள் வளையை விட்டு வெளிவந்து, எங்கள் நிழல் பட்டதும் மறைந்தன.

உயர்நீர்க் கோட்டுக்கு மேலே சங்குச் சிப்பிகளின் நடுவே ஒரு சிறு உப்புக்கொத்தி ஓடியது. வழிகாட்டி எங்களை அங்கேயே நிற்கச் சொன்னார். பனிக்காலத்தில் வந்து போகும் உப்புக்கொத்திகள் பல; ஆனால் இங்கேயே தங்கி, மணலில் ஒரு சிறு பள்ளத்தையே கூடாகக் கொண்டு குஞ்சு பொரிப்பது வேறொன்று. மன்னார்ப் பகுதியில் அப்பறவைகளை ஆராய்ந்தவர்கள், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அது தனி இனமே என 2023இல் நிறுவினார்கள். அனுமன் உப்புக்கொத்தி என்பது அதன் புதிய பெயர். மணல் நிறத்திலேயே முட்டையும் இருப்பதால் மிதித்தாலும் தெரியாது. கரையில் உழவு இயந்திரம் ஓட்டுவதன் பொருள் என்னவென்று அந்தச் சிறு பறவையைக் கண்ட பின் எனக்கு நன்றாக விளங்கியது.

பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏறியது. எங்கள் போத்தல்கள் வெறுமையாகிவிட்டன. மேட்டின் உட்புற அடிவாரத்தில், ஒரு தாழையின் பக்கத்தில், நாலடி ஆழமுள்ள பூவல் ஒன்றை வழிகாட்டி காட்டினார். அலையின் இரைச்சல் காதில் விழுகிற தூரம். கரையில் கவிழ்த்து வைத்திருந்த சிரட்டையால் மொண்டு குடித்தேன். நல்ல தண்ணீர், சிறிதும் உவர்ப்பில்லை, குளிர்ச்சி.

இதன் காரணம் மேட்டுக்குள்தான் இருக்கிறது. மாரியில் விழும் மழையை மணல் ஓடவிடாமல் முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது. நன்னீர் கடல்நீரைவிடச் சிறிது இலேசானது. ஆகையால் அடியில் உள்ள உவர்நீரோடு விரைவில் கலக்காமல் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீரை அது தாங்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பழைய கணக்கு. மேட்டின் மணலை அள்ளுவதால் அந்த நன்னீர் மட்டம் தாழ்ந்தால், மேலே தாழ்ந்த ஒவ்வோர் அடிக்கும் கீழே பலமடங்கு இழக்கிறோம். அந்த இடத்தை உவர் ஏறி நிரப்பிவிடும். மானும் நரியும் பறவையும் சித்திரை வைகாசி வறட்சியில் உயிர் வாழ்வது இந்த ஊற்றில்தான். மாடுகளுக்கும் மனிதருக்கும் அதுவே.

கரையில் மீனவர்கள் தங்கித் தொழில் செய்யும் வாடி ஒன்று இருந்தது. கரைவலை இழுத்து முடித்து, கீரிமீனைப் பிரித்து மணலில் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும், வலையின் சொந்தக்காரரான முதிய சம்மாட்டியார், “வெயிலுக்கை ஏன் நிக்கிறியள், உள்ளை வாங்கோ” என்று கிடுகு நிழலுக்கு அழைத்தார். சோறு, திரளிக் குழம்பு, சுட்ட பாரை, பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்ட சம்பல். இலையில் அல்ல, கழுவிய தட்டில். பணம் கொடுக்க வாயெடுத்தேன். “தங்கச்சி, கடல் தந்ததுக்குக் காசு வாங்கிறேல்லை” என்றார். கருவாடு மட்டும் விலைக்கு வாங்கினோம். கிலோ 1,400 ரூபாய்.

2004 மார்கழி 26 பற்றி அவராகவே பேசினார். “மேடு உயரமா நிண்ட இடத்தில தண்ணி ஏறி வரேல்லை தங்கச்சி. வண்டில் போக வெட்டின வாயளாலதான் வந்தது. வந்த வாயில நிண்டதுகள் ஒண்டும் தப்பேல்லை.” அவர் கை நீட்டிக் காட்டிய அந்த இடைவெளி இப்போதும் திறந்தே கிடக்கிறது. யார் யாரை இழந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிழக்குக் கரை நெடுகிலும் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் மணலின் உயரத்தைப் பற்றிய இத்தகைய கதையையே கேட்கலாம்.

மாலையில் திரும்பியபோது வளர்பிறை நிலவு ஏற்கனவே வானில் இருந்தது. தைப்பூசம் அண்மித்துவிட்டதால் தருமபுரத்தில் கோயில் ஒலிபெருக்கி கேட்டது. அன்றிரவு காதிலிருந்தும் தலைமயிரிலிருந்தும் மணல் கொட்டியது. கால் முழுவதும் இராவணன் மீசை குத்திய புள்ளிகள். அக்கா நல்லெண்ணெயும் மஞ்சளும் கலந்து தடவச் சொன்னார்.

பெப்ரவரி 10, திங்கள் – விசுவமடு, புதுமாத்தளன்

காலையில் தூறல். விசுவமடு, புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை வழியாகப் புதுமாத்தளன் கடற்கரைக்குப் போனோம். அதே மணற்கரை தெற்கே நந்திக்கடலுக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு போகிறது. போரின் இறுதிக் காலமான 2009இன் முதல் மாதங்களில் இந்த ஒடுங்கிய மணலில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் பதுங்குகுழி வெட்டி இருந்தன என்பதை வன்னியில் எவருக்கும் நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. சேலையைத் தைத்து மணல் நிரப்பி மூட்டை அடுக்கியவர்களில் என் தாயும் ஒருவர். அங்கே நெடுநேரம் நின்றோம். அடம்பன் கொடி அந்தக் குழிகளின் மேலும் படர்ந்துவிட்டது. சில இடங்களில் துணித் துண்டுகள் இன்னும் மணலுக்கு வெளியே தெரிகின்றன.

அங்கிருந்து திரும்பும் வழியில், கரைக்குச் சற்று உள்ளே, மணல் அள்ளிய பள்ளங்களைக் கண்டோம். மழைநீர் தேங்கிய பெரிய குழிகள், அவற்றைச் சுற்றி உழவு இயந்திரச் சில்லுத் தடங்கள், வேரோடு சாய்ந்த பனைகள். மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒருவரிடம், இந்தக் குழித் தண்ணீரை மாடு குடிக்குமா என்று கேட்டேன். முன்பு இவ்விடத்தில் பூவல் தோண்டிக் குடித்ததாகவும், இப்போது வைகாசிக்கு முன்பே உவர்த்துவிடுவதாகவும், ஆகவே வீட்டுக் கிணற்றடிக்கே மாட்டைக் கொண்டுபோவதாகவும் சொன்னார். மணல் ஏற்றுபவர்களும் அயலூர்ப் பிள்ளைகள்தான், வேறு வேலை இல்லை என்பதையும் அவரே சொன்னார். வீடு கட்ட மணல் வேண்டும் என்பது உண்மை; எங்கள் வீடும் அப்படித்தான் எழுந்தது. ஆனால் ஆற்றுமணல் அடுத்த வெள்ளத்தில் ஓரளவு திரும்பி வரும். கரைமேட்டின் மணலைக் காற்றும் செடியும் சேர்ந்து எத்தனையோ மாரிகளாகக் குவித்தன. எந்த மணலை எங்கே அள்ளலாம் என்ற ஒழுங்கும் காவலும் இந்தக் கரைக்கு உடனே வேண்டும்.

புதுக்குடியிருப்பில் மழை வலுத்தது. ஒரு பேக்கரியின் தாழ்வாரத்தில் ஒதுங்கி, சூடான மாலுபாணும் தேநீரும் எடுத்தோம். இருவருக்கும் 340 ரூபாய். ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக வவுனியா வந்துசேர இரவாகிவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில விபரங்கள். பறவைகளுக்கு மார்கழி இறுதி முதல் பங்குனி நடுப்பகுதி வரை ஏற்ற காலம். வெயில் ஏறுமுன் பத்து மணிக்குள் கடல்நீரேரிப் பக்கத்தை முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே கடை எதுவும் இல்லை. குடிநீர், தொப்பி, கண்ணுக்கு மணல் படாத கண்ணாடி அவசியம். தங்கும் அறையைப் புறப்படும் அன்று காலையிலும் ஒருமுறை அழைத்து உறுதிசெய்யுங்கள். பூவலில் குடித்தால் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள்; கரையில் கொடி படர்ந்த இடத்தில் வண்டியை ஏற்றாமல் பனையடியிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள்.